சிந்து அறையில் ஒழுகும் ஏ.சி.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ் வருடப் பிறப்பு. வருடம் பிறந்ததும் பிறக்காததுமாக ஏ.சி. ஒழுக ஆரம்பித்திருக்கிறது.

வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு சிந்துவின் அறையில் படுத்திருந்தேன். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பல்லி என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அடுத்த சொட்டு கொட்டாவி விட்ட வாய்க்குள் விழுந்தது. பல்லி இல்லை, தண்ணீர்தான்.

சிந்து எங்கள் ஒரே மகள். கல்யாணமாகித் தஞ்சாவூரில் இருக்கிறாள். ஹாலில் கட்டில் இருக்கும்போது அவள் அறையில் போய் ஏன் படுக்கிறீர்கள் என்று என் மனைவி பாக்கியம் அடிக்கடி கேட்கிறாள். எந்த மெஷினையும் ஓட்டாமல் போட்டு வைத்தால் கெட்டுப்போகும். பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான், எனக்குத் தெரியாதா? வீட்டில் இருப்பது அந்த ஒரே ஏ.சி. அதை ஓட்டிப் பார்க்கத்தான் படுக்கிறேன்.

ஏப்ரல் 15, திங்கள்

பாக்கியம் ஏ.சி.க்கு நேர் கீழே, கட்டிலின் மேல், பாயசக் குண்டானை வைத்திருக்கிறாள். நான் அதைச் சுற்றி வளைந்து படுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 18, வியாழன்

சம்பந்தியம்மா சகுந்தலா தஞ்சாவூரிலிருந்து போன் செய்தார். சிந்துவுக்கு மே 19-ஆம் தேதி வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதும், தலைப்பிரசவம் இங்கே நடப்பதும்தான் முறை. அதைப் பற்றிப் பேச்சு வந்ததும் சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெயில் இந்தப் போடு போடுதே சம்பந்தி. திருச்சின்னா கேக்கவே வேண்டாம். எங்க வீட்ல பூஜை ரூமைத் தவிர எல்லா ரூம்லயும் ஏ.சி. இருக்கு. உங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதானே? அது நல்லா ஓடுதா?"

"பிரமாதமா ஓடுதுங்க" என்றேன். ஓடத்தான் செய்கிறது. ஒழுகுகிறதா என்று அவர் கேட்கவில்லை.

"எதுக்கும் முன்னாடியே ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறோம். சரியா இல்லைன்னா பிரசவம் இங்கயே ஆகட்டும், பாவம் புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிந்து இங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே அவளை நன்றாகவே வைத்திருக்கிறார்கள். பாக்கியம்தான் மகள் வரப்போகிறாள் என்று மொட்டை மாடியில் மோர் மிளகாயும் வெண்டைக்காய் வத்தலும் காய வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 20, சனி

மெக்கானிக் சாதிக் பாய்க்குப் போன் போட்டேன்.

"வந்துகிட்டே இருக்கேன் சார். பாலக்கரை தாண்டிட்டேன்" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "பாய், சால்னா இன்னும் ஊத்தட்டா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

சாயங்காலம் மறுபடி போட்டேன். அப்போதும் பாலக்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பாலக்கரையை இன்னும் தாண்டவில்லை.

ஏப்ரல் 24, புதன்

இனி யாரையும் நம்பிப் பிரயோசனமில்லை, நானே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஏ.சி. கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ என்று ஒரு பக்கம் அட்டையை மடித்துச் செருகினேன். அதுவரை ஒரு மூலையில் ஒழுகியது, பிறகு இரண்டு மூலையிலும் ஒழுகியது.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பாக்கியம், "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? டிப்போல நீங்க ஸ்பேனரா புடிச்சீங்க? ஆயுத பூஜைக்குச் சந்தனம்தானே வச்சீங்க" என்றாள்.

வாஸ்தவம். ஆனால் அதை ஏதோ குறைச்சலான காரியம் போலச் சொல்கிறாள். டிப்போவில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எல்லா வண்டிக்கும் என் கையால்தான் சந்தனம், குங்குமம், மாலை, பொரி. அந்த வண்டிகளெல்லாம் ஓடினவா இல்லையா? மெக்கானிக்குகளும் ஏதோ செய்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இந்த ஏ.சி.க்கும் வாங்கிய நாளிலிருந்து ஒரு ஆயுத பூஜை விடாமல் செய்து வருகிறேன். மேலே ஜன்னல் மாதிரி இடைவெளி விட்டிருக்கிறார்கள், பூ வைக்க வசதி.

அப்போதுதான் பொறி தட்டியது. போன ஆயுத பூஜையின்போது எனக்குக் காய்ச்சல். அவசர அவசரமாக நாலு பொரியை வீசிவிட்டுப் படுத்துவிட்டேன். மெஷினுக்கு மனக்குறை இருக்காதா?

உடனே சாமந்தி வாங்கி வந்து உதிர்த்து, அட்சதை, பொரி, குங்குமம் எல்லாம் தாராளமாகத் தூவி, ஊதுபத்தி காட்டி, மனதார ஒரு பூஜை போட்டேன்.

ஒழுகல் நின்றுவிட்டது! பாயசக் குண்டானைக் கொண்டுபோய்ப் பாக்கியத்திடம் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மே 1, புதன்

சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

அதிசயமாக சாதிக் பாயே கூப்பிட்டார். "சார், இன்னிக்கு ஃப்ரீதான், வரட்டா?"

"வேண்டாம் பாய், சரியாயிடுச்சு."

"யாரு சார் வந்து பார்த்தா?"

"யாரும் வரல. நான்தான் பார்த்தேன்."

"சரிங்க சார், நம்பரை மட்டும் அழிச்சிராதீங்க" என்றார். பொறாமை.

மே 5, ஞாயிறு

கத்திரி வெயில் நேற்றுத்தான் தொடங்கியது.

காலையிலிருந்தே ஏ.சி.யைப் போட்டு அறையைச் சாத்தி வைத்தேன். அவர்கள் உள்ளே நுழையும்போது கொடைக்கானல் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் திட்டம். இருந்தது. சம்பந்தியம்மா வாசற்படியிலேயே நின்று, "அடேயப்பா!" என்றார். சம்பந்தி நடேசன் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை. அவர்கூடத் தலையை ஆட்டினார். பாக்கியம் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா நேராகப் போய்க் கட்டிலில், ஏ.சி.க்கு அடியில் உட்கார்ந்தார். சந்தன நிறத்தில் புதுப் பட்டுச்சேலை. "எனக்கும் இனிமே ஒண்ணும் கவலையில்ல" என்று சொல்லிக் காபி டம்ளரை வாங்கினார். ஏ.சி.க்குள் 'களக்' என்று ஒரு சத்தம்.

சொட்டு விழுந்திருந்தால் துடைத்து விட்டிருக்கலாம். குடத்தைக் கவிழ்த்தது போல ஊற்றியது. அதுவும் குங்குமம் கரைந்து செக்கச் செவேலென்ற தண்ணீர். உச்சியிலிருந்து மடி வரை நனைந்துவிட்டார். டம்ளரில் காபி நிரம்பி வழிந்தது. தோளில் சாமந்தி இதழ்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மூக்கு நுனியில் ஒரு பொரி.

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத நடேசன்தான் பேசினார்.

"ஆரத்தியை வாசல்லயே எடுத்திருக்கலாமே."

சம்பந்தியம்மா பாக்கியத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் உயரம், பாக்கியம் குட்டை. சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. காரில் ஏறுமுன் திரும்பி, "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. பிரசவம் அங்கயே ஆகட்டும். குழந்தைக்குத் தலை நின்னதும் கொண்டுவந்து விடுறோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

மே 6, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மதியம் ஹாலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மே 8, புதன்

சாதிக் பாய் வந்தார். நான் கூப்பிடவில்லை, பாக்கியம் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கூப்பிட்டால் மட்டும் பாலக்கரையை எப்படித் தாண்டுகிறார் என்று தெரியவில்லை.

ஏ.சி. மூடியைத் திறந்தவர் கீழே என்னைப் பார்த்தார்.

"சார், வலை ரெண்டும் எங்க?"

"என்ன வலை?"

"ஃபில்டர் சார். இங்க ரெண்டு இருக்கணும். தூசி தும்பு உள்ள போகாம தடுக்கிறதே அதுதானே?"

ஏ.சி. வாங்கிய புதிதில், பேக்கிங்குக்காக வைத்த வலை போலிருக்கிறது, காற்றை மறைக்கிறது என்று இந்த வீட்டில் யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள். பாக்கியம் ஏன் என் முகத்தையே பார்த்தாள் என்று புரியவில்லை. பிறகு விறுவிறுவென்று மாடி ஏறிப் போய் இரண்டு வலைகளையும் கொண்டுவந்தாள். ஒன்றில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்றில் வெண்டைக்காய் வத்தல்.

"நல்லா காத்தோட்டமா இருக்கும் தம்பி, அதான்" என்றாள்.

"நானும் இந்தத் தொழில்ல எவ்வளவோ பாத்துட்டேன்க்கா. ஃபில்டர்ல மிளகா காஞ்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்ற பாய், ஒரு மிளகாயைக் கிள்ளி வாயில் போட்டார். "உப்பு கொஞ்சம் தூக்கல்."

பிறகு ஏ.சி.க்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, பம்ப்பு வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். அந்தப் பையில் வந்து விழுந்தவற்றை நான் கண்ணால் பார்த்தேன். சருகாகிப்போன பூ, புதுப் பூ, அட்சதை, மாவிலை, ஊதுபத்திக் குச்சி, பிறகு ஊறி உப்பிப்போன பொரி, பொரி, மேலும் பொரி. தண்ணீர் வெளியே போகிற பைப்பை அந்தப் பொரிதான் கெட்டியாக அடைத்திருந்ததாம். நான் கடைசியாகத் தூவியது அடைப்புக்கு மேல் அடைப்பாகி, ஒழுகுகிற வழியையும் அடைத்துவிட, தண்ணீர் உள்ளேயே தேங்கி நின்று, மொத்தமாகக் கொட்டியிருக்கிறது.

"சார், இது ஏ.சி.யா, கோயில் உண்டியலா?"

நான் பூஜையின் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "தாராளமா பண்ணுங்க சார். இனிமே சந்தனத்தை ரிமோட்டுக்கு வைங்க" என்றார்.

வலையை மாதம் இருமுறை கழுவ வேண்டும், வெயில் காலத்துக்கு முன் வருடா வருடம் ஒரு தடவை முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டும், வெளியே வரும் பைப்பின் நுனியை வாளித் தண்ணீருக்குள் முக்கி வைக்கக் கூடாது என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை. ஏ.சி. இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை, காற்றும் முன்னைவிட ஜில்லென்று வருகிறது.

இப்போதெல்லாம் கடையில் விற்கிற பொரியே சரியில்லை.

மே 10, வெள்ளி

ஏ.சி.க்கு அடியில் இருக்கும் தரையைப் படம் எடுத்து, "இனிய காலை வணக்கம். தரை காய்ந்திருக்கிறது" என்று சம்பந்தியம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ரோஜாப் பூ படத்தோடு "காலை வணக்கம்" வந்தது. தரையைப் பற்றி ஒன்றும் இல்லை.

மே 11, சனி

தரை. ரோஜா.

மே 13, திங்கள்

இன்றைக்குத் தரையை வீடியோவாகவே எடுத்தேன். ஏ.சி.யின் சத்தமும் விழும்படி, நானே பக்கத்தில் நின்று, "பாருங்க, ஒரு சொட்டு இல்ல" என்று பேசியும் அனுப்பினேன். தாமரைப் பூ வந்தது.

மே 16, வியாழன்

சிந்து பேசினாள். அவள் தினமும் பேசுவாள். பாக்கியத்துக்குக் கையில் எப்போதும் வேலை இருப்பதால் போனை நான் எடுக்கிறேன், அவ்வளவுதான்.

"அப்பா, அத்தைக்கு எதுக்குப்பா தினமும் தரையை அனுப்புறீங்க? வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்."

"ஏ.சி. சரியாயிடுச்சுன்னு தெரிய வேணாமா?"

"எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான்ப்பா. நீங்க ரெண்டு பேரும் மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றாள்.

எங்கே இருந்தாலும் ஒன்றுதானாம். நல்ல வார்த்தை. பெரியவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பக்குவமாகப் பேசுகிறாள். இவ்வளவு பக்குவத்தை யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை. பாக்கியம் மோர் மிளகாய் வறுத்து வைத்தாள். உப்பு தூக்கல்தான்.

மே 19, ஞாயிறு

வளைகாப்பு.

தஞ்சாவூருக்குப் போகிற வழியெல்லாம் பாக்கியம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "வாயைத் திறக்காதீங்க. வளையல் போட்டமா, சாப்பிட்டமா, வந்தமான்னு இருக்கணும்." நானும் அப்படித்தான் இருந்தேன். உள்ளே பெண்கள் கூட்டம், பாட்டு, சிரிப்பு. ஆண்களுக்கு வாசல் பந்தலில் நாற்காலி. நானும் நடேசனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். அவர் பேசமாட்டார், எனக்குப் பேசத் தடை.

தயிர்சாதம் வந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு வந்தப்புறம்தான் சம்பந்தி, எங்க வீட்ல பேச்சுச் சத்தமே கேக்குது. நான் பேசமாட்டேன். பையன் போனை நோண்டிக்கிட்டே இருப்பான். மாமியாரும் மருமகளும்தான் நாள் பூரா வாயாடிக்கிட்டுக் கிடப்பாங்க. உங்க பொண்ணு கிளம்பிட்டா சகுந்தலா யார்கிட்ட பேசுவா? உங்க ஏ.சி. கொட்டலைன்னா, உங்க உறையூர்ல கொசுக்கடின்னு சொல்லியிருப்பா." சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசி இதற்குமுன் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் மேல் எவ்வளவு கோபமாக இருந்தேன்! அவருக்கும் என் வியாதிதானா?

கையைக் கழுவிவிட்டு நேராக உள்ளே போனேன். பெண்கள் வழிவிட்டு விலகினார்கள். நடுவில் சிந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல், கன்னத்தில் சந்தனம். பக்கத்தில் சம்பந்தியம்மா அவளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டி மிரட்டினாள். ஆனாலும் பேசிவிட்டேன்.

"சம்பந்தியம்மா, ஏ.சி. நல்லாத்தான் இருக்கு. ஆனா விஷயம் ஏ.சி. இல்ல. இவ இல்லாம எனக்கு அந்த வீட்ல இருக்கவே முடியல. அந்த ரூம் காலியா கெடக்கிறதைப் பாக்க முடியாமத்தான் நானே போய்ப் போய் அங்க படுத்துக்குறேன். பொண்ணை என்கூட அனுப்புங்க. இவளை விட்டுட்டு உங்களால இருக்க முடியலைன்னா, நீங்களும் வாங்க. எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க."

சிந்து "அப்பா" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். எங்கே இருந்தாலும் ஒன்று என்று சொன்ன பெண்! கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். சம்பந்தியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வரேன். ஆனா அந்த ஏ.சி.க்குக் கீழ மட்டும் நான் படுக்கமாட்டேன்."

திரும்பி வரும்போது காரில் பாக்கியம் என் காதருகே குனிந்து, "கூப்பிட்டது நீங்க, சமைக்கிறது நானா?" என்றாள். காய் நறுக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

சிந்துவின் அறையில் மூன்று பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு சில்லென்று இருக்கிறார்கள். கட்டிலை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நான் ஹாலில் கிடக்கிறேன், தலைக்கு மேல் ஃபேன் அனலைக் கடைந்து ஊற்றுகிறது. உள்ளே ஒரே சிரிப்பு. என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறார்கள்.

வலையைக் கழுவ வேண்டும் என்று கதவைத் தட்டினேன்.

"காலைலதானே கழுவுனீங்கப்பா!" என்றாள் சிந்து உள்ளிருந்தே.

மே 23, வியாழன்

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு திறந்து மூன்று பேரும் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், பாக்கியம் பூத்தொடுக்கத் தரையில் உட்கார்ந்தாள். சிந்து என் கட்டிலில் ஏறி, காலை நீட்டி, என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"புழுங்குதுப்பா, விசிறுங்க."

பேப்பரை மடித்து விசிறினேன். சம்பந்தியம்மா தன் கல்யாணத்தன்று நடேசன் தாலி கட்டும் வரை ஒரு வார்த்தை பேசாததால் மாப்பிள்ளை ஊமையோ என்று தன் அப்பா பயந்துபோன கதையைச் சொன்னார். சிரித்துச் சிரித்து சிந்துவுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் பெண் என் வீட்டில் என் பக்கத்தில் இருக்கிறாள். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

"கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளுங்க, புள்ளைக்கு வேர்க்குது" என்றாள் பாக்கியம்.

போனைக் காதில் வைத்து, "லைன் கிடைக்கல" என்றேன். நம்பரையே அழுத்தவில்லை.

சம்பந்தியம்மா அடுத்த கதையைத் தொடங்கினார். அது பாதியில் இருக்கும்போது விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, அறைக்குள் ஏ.சி. 'பீப்' என்றது.

யாரும் எழுந்து உள்ளே போகவில்லை.